போன் மாறியது, சொந்தங்களின் எண்கள் எங்கே போயின? காண்டாக்ட், காலண்டர் சிங்க் பற்றி ஒரு விளக்கம்



சென்ற ஆண்டு ஆவடியில் எங்கள் பெரியத்தா வஃபாத் ஆனார்கள். ஃபஜ்ருக்குச் சற்று முன்னால் நடந்தது. அஸருக்குப் பிறகு ஜனாஸா தொழுகை, அதையடுத்து நல்லடக்கம் என்று முடிவானது. ஆண்கள் பள்ளிவாசலுக்கும் கப்ரஸ்தானுக்குமாக அலைந்துகொண்டிருந்தோம். உறவினர்களுக்குச் சொல்லும் வேலை பெரியம்மாவின் போனை நம்பி இருந்தது. யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் எண்கள் எல்லாம் போனுக்குள். அந்தப் போன் மூன்று மாதத்துக்கு முன்னால்தான் வாங்கியது. பழைய போனில் இருந்ததையெல்லாம் ஏற்றிவிட்டதாகக் கடையில் சொல்லியிருந்தார்கள். அன்று தேடிப் பார்த்தால் பாதிப் பெயர்கள் இல்லை.

கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் குப்பி, பெரியத்தாவுடன் கூடப் பிறந்தவர்கள், அந்த இல்லாத பாதியில் இருந்தார்கள். கடைசியில் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்த பழைய நோட்டைப் பரணிலிருந்து எடுத்து, அதில் இருந்த ஓர் எண்ணைப் பிடித்து, அவர் மூலம் இன்னொருவரைப் பிடித்துச் செய்தி சொன்னபோது லுஹர் நேரம் ஆகிவிட்டது. ஆறேழு மணி நேரப் பயணம். குப்பி ஆவடி வந்து இறங்கியபோது இஷாவும் முடிந்திருந்தது. தம் அண்ணனின் முகத்தை அவர்கள் பார்க்கவில்லை.

இதை யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அந்த எண்கள் எங்கே போயின என்று பிறகு நாங்கள் உட்கார்ந்து தேடினோம். தேடியதில் தெரிந்துகொண்டது மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று தோன்றியதால் எழுதுகிறோம்.

ஒரு பட்டியல், பல அலமாரிகள்

காண்டாக்ட்ஸ் ஆப்பைத் திறந்தால் அ முதல் வரிசையாக ஒரே பட்டியல் தெரிகிறது. அதனால் அது ஒரே புத்தகம் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது நாலைந்து அலமாரிகளை ஒரே கண்ணாடி வழியாகப் பார்ப்பது. சில எண்கள் சிம் கார்டில் இருக்கும். சில போனின் சொந்த நினைவகத்தில். சில கூகுள் கணக்கில். சாம்சங், ஷாவ்மி போன்ற போன்களில் அந்தக் கம்பெனியின் கணக்கில் சில. ஐபோன் என்றால் ஐக்ளவுடில். அலுவலக மெயில் போனில் இருந்தால் அதில் சில. புதிய எண்ணைச் சேமிக்கும்போது மேலே சின்ன எழுத்தில் 'எங்கே சேமிக்க வேண்டும்' என்று போன் கேட்கத்தான் செய்கிறது. அவசரத்தில் யார் அதைப் படிக்கிறோம்?

பெரியம்மாவின் பழைய போனில் முதல் சில ஆண்டுகள் சேமித்தவை எல்லாம் போன் நினைவகத்தில் இருந்திருக்கின்றன. ஏதோ ஒரு கட்டத்தில் அமைப்பு மாறி, அதற்குப் பிறகு சேமித்தவை கூகுளுக்குப் போயிருக்கின்றன. கடையில் புதிய போனில் கூகுள் கணக்கைப் போட்டார்கள்; கூகுளில் இருந்தவை வந்தன. அவர்கள் சொன்னது பொய்யில்லை, பாதிதான். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து அழித்தும் ஆயிற்று. புதிய உறவுகள் எல்லாம் வந்து, மிகப் பழைய, மிக நெருங்கிய உறவுகள் மட்டும் காணாமல் போனதற்குக் காரணம் இவ்வளவுதான்.

சிம் கார்டை நம்புகிறவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள், குறிப்பாக வயதானவர்கள். சிம்மில் பொதுவாக 250 எண்கள் வரைதான் இடம். ஒரு பெயர், ஓர் எண், அவ்வளவே. 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் சிக்னல் விழுந்தபோது நடந்தது நினைவிருக்கும். எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றக் கடைகளில் கூட்டம் அலைமோதியது. எண்ணை மாற்றிக்கொள்ள முடிந்தது, ஏனென்றால் 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் அதற்குச் சட்டப்படியான வழி இருக்கிறது. ஆனால் புதிய சிம் வெறுமையாகத்தான் வரும். பழைய சிம்மில் இருந்த பெயர்களை யாரும் மாற்றித் தரவில்லை.

கம்பெனிகளுக்குப் பொது மொழி இல்லையா?

இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. 1995-இல் ஆப்பிள், ஏடி அண்ட் டி, ஐபிஎம், சீமன்ஸ் ஆகியவை சேர்ந்த வெர்சிட் என்ற கூட்டமைப்பு, ஒருவருடைய பெயர், எண், முகவரியை எந்தக் கருவியும் படிக்கும்படி எழுதுவதற்கு 'விகார்டு' என்ற முறையை உருவாக்கியது. இன்று நாம் வாட்ஸ்அப்பில் ஒருவரின் எண்ணை அனுப்பும்போது உள்ளே போவது அதன் வாரிசுதான். காலண்டருக்கு 1998 நவம்பரில் 'ஐகாலண்டர்' வந்தது. அதை எழுதிய இருவரில் ஒருவர் லோட்டஸ்காரர், இன்னொருவர் மைக்ரோசாஃப்ட்காரர். இவற்றைச் சர்வருக்கும் போனுக்கும் இடையே தொடர்ந்து பரிமாறிக்கொள்ள 2007-இல் கால்டேவ், 2011-இல் கார்டுடேவ் என்று இரண்டு நெறிமுறைகள் வந்தன.

மொழி ஒன்றாக இருந்தாலும் வட்டார வழக்கு வேறு. வாணியம்பாடிக்காரரும் காயல்பட்டினத்துக்காரரும் பேசுவது தமிழ்தான். ஒருவர் சொல்லும் சில சொற்கள் மற்றவருக்கு விளங்காது. அதுபோல ஒரு கம்பெனி தன் வசதிக்குச் சேர்த்த கூடுதல் விவரங்களை அடுத்த கம்பெனி படிக்காமல் விட்டுவிடும். பெயரும் எண்ணும் பெரும்பாலும் தப்பிவிடும். குழு, குறிப்பு, உறவுமுறை, இரண்டாவது எண்ணின் அடையாளம் ஆகியவைதான் வழியில் உதிர்கின்றன.

இன்னொன்று, மொழி தெரிந்திருந்தும் கதவைச் சாத்திக்கொள்வது. 2013 அதற்கு நல்ல உதாரணம். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்சேஞ்ச் ஆக்டிவ்சிங்க் வழியாகக் கூகுளின் மெயில், காண்டாக்ட், காலண்டர் மூன்றையும் போனில் கொண்டுவரும் வசதி அதுவரை இலவசமாக இருந்தது. 2013 ஜனவரி 30 முதல் புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு அது கிடையாது என்றது கூகுள். விண்டோஸ் போன் வைத்திருந்தவர்கள்தான் அதிகம் தவித்தார்கள். அவர்களுக்கு ஜூலை 31 வரை தவணை கொடுத்து, அதற்குள் மைக்ரோசாஃப்ட் தன் போனில் கால்டேவ், கார்டுடேவ் வசதியைச் சேர்க்க வேண்டியதாயிற்று. இதற்கிடையே மார்ச் மாதம், கால்டேவும் தேர்ந்தெடுத்த சில நிறுவனங்களுக்கு மட்டும்தான் என்று கூகுள் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஜூனில் மனம் மாறி, இரண்டும் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்றது. இரண்டு யானைகளின் சண்டையில் புல் மிதிபடுவது போல, அந்த ஆறு மாதமும் பயன்படுத்துவோர் அவதிப்பட்டார்கள்.

விண்டோஸ் கணினியில் பல்லாண்டுகளாக ஓடும் பழைய அவுட்லுக்குக்கு இன்றும் கால்டேவ் தெரியாது. அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் அலுவலகத்தில் அவுட்லுக், கையில் ஆண்ட்ராய்டு, வீட்டில் மனைவியிடம் ஐபோன் என்று இருக்கிறவர்கள் இதை அன்றாடம் அனுபவிக்கிறார்கள். எங்கள் மச்சான் ஒருவர் டாக்டர் அப்பாயின்ட்மென்ட், பள்ளிக் கட்டணத் தேதி, வீட்டு வாடகை என எல்லாவற்றையும் அலுவலகக் காலண்டரிலேயே எழுதி வந்தார். வேலையை விட்ட அன்று மாலை ஐந்து மணிக்குக் கணக்கு மூடப்பட்டது. அத்தனையும் அதோடு போயிற்று. அலுவலகத்தைச் சொல்லிக் குற்றமில்லை. அது அவர்களுடைய அலமாரி.

தொலைபேசி எண்ணை மாற்றிக்கொள்ளும் உரிமையை அரசு கட்டாயமாக்கியது போல, நம் தகவலை எடுத்துப் போகும் உரிமையை ஐரோப்பாவில் 2018 முதல் சட்டமாக வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு மசோதாவில் அந்த உரிமை இருந்தது. 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இல்லை. இதைப் பற்றி நம் சமுதாயத்தில் மட்டுமல்ல, வெளியிலும் யாரும் பெரிதாகப் பேசவில்லை என்பது எங்களுக்கு வருத்தமே.

அத்தா என்பது 45 எழுத்தாகும் கதை

தமிழில் பெயர் சேமிக்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு சோதனை. பழைய போன்களும் சில புதிய ஆண்ட்ராய்டு போன்களும் எண்களை ஃபைலாக எடுக்கும்போது விகார்டின் பழைய 2.1 பதிப்பில் எழுதுகின்றன. அதில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் ஒவ்வொன்றும் சமக்குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக மாற்றி எழுதப்படும். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு ஒன்பது இடம். 'அத்தா' என்பதில் கணினிக் கணக்கில் ஐந்து குறியீடுகள். ஆக 45 இடம். இன்னொரு போன் அதைச் சரியாகப் படித்தால் மீண்டும் அத்தா. படிக்கத் தெரியாவிட்டால் திரையில் வெறும் சமக்குறிகள்தான். எண் சரியாக இருக்கும், யாருடையது என்று தெரியாது.

எக்செல் வழியாகப் போகிறவர்கள் இன்னொரு குழியில் விழுகிறார்கள். சிஎஸ்வி ஃபைலை எக்செல்லில் நேராகத் திறந்து சேமித்தால், நாட்டுக் குறியீட்டுடன் உள்ள 12 இலக்க எண்ணை அது கணக்கு எண் என்று எடுத்துக்கொள்கிறது. முன்னால் உள்ள கூட்டல் குறி போய்விடும், 044-இன் பூஜ்யம் போய்விடும், நீளமான எண் 'ஒன்பது புள்ளி சொச்சம்' என்று விஞ்ஞானக் குறியீட்டில் சுருங்கிவிடும். அப்படியே சேமித்துத் திரும்ப ஏற்றினால் எண்கள் போனது போனதுதான். ஆகவே எடுக்கும்போது விகார்டாக, அதாவது விசிஎஃப் ஃபைலாக எடுங்கள். எக்செல் பக்கம் போகாதீர்கள்.

காலண்டரில் வரும் குழப்பம்

வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்கு இது தெரிய வேண்டும். அம்பத்தூரில் காலை 11.30-க்கு நிக்காஹ். துபாயில் இருக்கும் மகன் தன் போனில் 11.30 என்று எழுதி எல்லோருக்கும் அழைப்பு அனுப்புகிறார். அவர் போன் அதைத் துபாய் நேரம் 11.30 என்று எடுத்துக்கொள்ளும். நம் போனில் அது மதியம் 1 மணி என்று தெரியும். போன் தவறு செய்யவில்லை. நேர மண்டலத்தை மாற்றாமல் எழுதியதுதான் தவறு. எழுதும்போதே 'இந்திய நேரம்' என்று தேர்ந்தெடுத்தால் துபாயில் 10 மணி, ரியாத்தில் 9 மணி, கோலாலம்பூரில் பிற்பகல் 2 மணி என்று அவரவர் போனில் சரியாக வரும். பழைய அவுட்லுக்கில் 'முழு நாள்' என்று குறிப்பதும் சிக்கலே. துபாயில் குறித்த பெருநாள், இங்கே அதிகாலை 1.30-க்குத் தொடங்கி மறுநாள் 1.30 வரை இரண்டு நாளாக நீளும்.

பள்ளிவாசல் தொழுகை நேரங்களைக் காலண்டரில் போட்டுத் தரும் ஐசிஎஸ் ஃபைல்கள் இப்போது கிடைக்கின்றன. தினமும் நேரம் மாறுவதால் 'தினமும் இதே நேரம்' என்று ஒரு பதிவால் முடியாது. ஒரு வருடத்துக்கு ஐந்து வேளைக்கும் 1,825 பதிவுகள் வேண்டும். அந்த ஃபைலை 'இம்போர்ட்' செய்தால் அது அன்றைய நகல் மட்டுமே. ஜமாஅத் நேரத்தைப் பள்ளியில் மாற்றினாலும் உங்கள் போனில் மாறாது. இணைப்பு முகவரியைக் கொடுத்து 'சப்ஸ்கிரைப்' செய்தால்தான் மாற்றங்கள் வரும். அதுவும் கூகுள் காலண்டரில் உடனே வராது, பல மணி நேரம் ஆகலாம். நாளைய ஜுமுஆ நேரத்தை இன்று இரவு மாற்றி அறிவிக்கும் பள்ளிகள் காலண்டரை நம்பாமல் ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவது நல்லது.

இதையெல்லாம் விடப் பெரியது ஜகாத் தேதி. நிஸாப் அளவு செல்வம் ஒரு சந்திர ஆண்டு நம்மிடம் இருந்தால் ஜகாத் கடமை. நம்மில் பலர் ரமளான் முதல் நோன்பைக் கணக்கு நாளாக வைத்திருக்கிறோம். 2024-இல் இங்கே முதல் நோன்பு மார்ச் 12. அன்று ஒருவர் போனில் 'ஜகாத் கணக்கு, ஆண்டுதோறும்' என்று போட்டார் என்று வைத்துக்கொள்வோம். 2025 மார்ச் 12 அன்று போன் மணி அடிக்கும்போது பதினோராம் நோன்பாகியிருக்கும்; முதல் நோன்பு மார்ச் 2-லேயே வந்துவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் இப்படித் தள்ளிப்போகும். ஐந்தாண்டில் ஏறத்தாழ இரண்டு மாதம். 33 ஆங்கில ஆண்டுகள் என்பது 34 ஹிஜ்ரி ஆண்டுகள். போனை மட்டும் நம்பி இருந்தவர் ஒரு முழு ஆண்டின் ஜகாத்தைக் கொடுக்காமலே விட்டிருப்பார். ஏழைகளின் பங்கு அது. (ஆங்கில ஆண்டுக் கணக்கு வைத்திருக்கும் வியாபாரிகள் 2.5-க்குப் பதில் சுமார் 2.58 சதவீதம் என்று கணக்கிடும் முறை ஒன்று உண்டு. அதை உங்கள் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.)

'ஹிஜ்ரி தேதிப்படி ஆண்டுதோறும்' என்று எழுத ஐகாலண்டரில் வழியே இல்லையா? 2015 மே மாதமே அதற்கான விதி வெளியாகிவிட்டது. எந்தக் காலண்டரின் கணக்கில் திரும்ப வர வேண்டும் என்று ஃபைலிலேயே குறிப்பிடலாம். ஆனால் விதி இருப்பது வேறு, நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஆப்பில் பொத்தான் இருப்பது வேறு. கூகுள் காலண்டரிலும் ஐபோனிலும் ஹிஜ்ரி தேதியை ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்தில் காட்டச் சொல்லலாம். அது காட்சிக்கு மட்டும்தான். அதுவும் கணக்கிட்டு எழுதிய ஹிஜ்ரி. 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் சவூதியில் நமக்கு ஒரு நாள் முன்னதாக நோன்பு தொடங்கியது. நம் பகுதிப் பிறை அறிவிப்பு எந்தப் போனுக்கும் முன்கூட்டித் தெரியாது. எனவே நாங்கள் செய்வது இதுதான்: இந்த ஆண்டு ஜகாத்தைக் கணக்கிட்டு முடித்த கையோடு, அடுத்த ஆண்டுக்கு உத்தேசத் தேதியை 15 நாள் முன்னதாக ஒரே ஒரு முறை வரும் பதிவாகப் போட்டுவிடுகிறோம். 'ஆண்டுதோறும்' என்பதைத் தொடுவதில்லை.

வீட்டில் என்ன செய்தோம்

முதலில் ஒவ்வொருவருக்கும் ஓர் அலமாரியை முடிவு செய்தோம். எங்கள் வீட்டில் ஆண்ட்ராய்டு அதிகம் என்பதால் கூகுள். எல்லோரும் ஐபோன் என்றால் ஐக்ளவுடும் தவறில்லை. முடிவு செய்த பிறகு 'டீஃபால்ட் அக்கவுன்ட்' என்பதை அதற்கு மாற்ற வேண்டும். ஐபோனில் கூகுள் கணக்கைச் சேர்த்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: பழைய எண்கள் கூகுளிலிருந்து வந்து தெரியும், புதிதாகச் சேமிப்பவை ஐக்ளவுடுக்குப் போய்க்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் காண்டாக்ட்ஸ் பகுதியில் இதை மாற்றலாம். புதிய ஐபோன்களில் அது 'ஆப்ஸ்' என்பதற்குள் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் போன் நினைவகத்தில் உள்ளவற்றையும் கூகுளில் சேர்க்க ஓர் அமைப்பு உண்டு. அதைத் தேடிப் போய் இயக்க வேண்டும். பெரியம்மாவின் பழைய போனில் அது இயங்கவில்லை.

சிங்க் என்பது பேக்கப் அல்ல என்பதையும் அப்போதுதான் உணர்ந்தோம். ஒரு போனில் குழந்தை விளையாட்டாக அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். கூகுள் காண்டாக்ட்ஸைக் கணினியில் திறந்தால் 30 நாளுக்குள் இருந்த பழைய நிலைக்குத் திரும்பும் வசதி இருக்கிறது. ஐக்ளவுட் தளத்திலும் பழைய காண்டாக்ட் பட்டியலை மீட்கும் வசதி உண்டு. நாள் கடந்தால் அதுவும் கிடையாது. மூன்று மாதம் கழித்துத் தேடிய எங்களைப் போன்றவர்களுக்கு அவை உதவாது. அதனால் ஒரு விசிஎஃப் ஃபைலை எடுத்து மெயிலிலும் பென்டிரைவிலும் வைத்துக்கொள்கிறோம்.

எண்களை எல்லாம் +91, +971, +966, +65 என்று நாட்டுக் குறியீட்டோடு திருத்தினோம். வெறும் பத்து இலக்கமாக இருந்தால் சவூதியில் இருக்கும் பிள்ளையின் போன் அதைச் சவூதி எண்ணாக நினைக்கும். பூஜ்யத்துடன் ஒன்று, +91-உடன் ஒன்று என ஒரே ஆளுக்கு மூன்று பதிவு இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. ஜனாஸா அறிவிப்புக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். உங்கள் பட்டியல் சரியாக இருந்து, அவர் போன் மாற்றியதில் உங்கள் பெயர் உதிர்ந்திருந்தால், செய்தி போய்ச் சேராது. குப்பிக்கு நேரடியாக அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கடையில் எண்களை மாற்றித் தரச் சொல்வதை நாங்கள் நிறுத்திவிட்டோம். ஒரு குடும்பப் போனில் இருப்பது நம் எண் மட்டுமல்ல. நம்மை நம்பித் தந்த அடுத்த வீட்டுப் பெண்களின் எண்ணும் புகைப்படமும் முகவரியும் இருக்கிறது. அது அமானத். கடைக் கணினியில் அந்த ஃபைல் கிடந்தால் யார் கையில் போகும் என்று சொல்ல முடியாது. உடனடிக் கடன் ஆப்கள் காண்டாக்ட் பட்டியலை உருவி, உறவினர்களுக்கெல்லாம் போன் செய்து மானத்தை வாங்கிய கொடுமைகளுக்குப் பிறகுதான், 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கடன் ஆப்கள் காண்டாக்ட் பட்டியலைத் தொடக்கூடாது என்றது. வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளையே இந்த மாற்றத்தை அரைமணி நேரத்தில் செய்துவிடும். பழைய போனைக் கொடுப்பதற்கு முன் ஒரு வாரமாவது இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, மொத்த எண்ணிக்கையையும் பத்து முக்கியமான பெயர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜகாத் கணக்குக்கு உட்காரும் அன்றே விசிஎஃப் ஃபைலையும் புதிதாக எடுத்துவிடுகிறோம். கூடவே முப்பது பெயர்களைக் கையால் எழுதி வைத்திருக்கிறோம். பெரியம்மா சொல்லச் சொல்ல எழுதியது, ஊர் வாரியாக. கும்பகோணம் முதல் பக்கத்தில் இருக்கிறது.